இருபத்தொரு வேகனும் ஒரு ஸ்பிரிட் பாட்டிலும்

என் வீட்டுக்காரர் என்னை முதல்முறை கூட்ஸ் ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனதே நான் சண்டை போட்டதால்தான். அவர் கார் ஏற்றும் டிரெய்லர் ஓட்டுகிறார். ஒரகடத்தில் செய்து முடித்த கார்களை ஏற்றிக்கொண்டு போய் ரயிலடியில் இறக்கிவிட்டு வருவார். அந்தக் கார்கள் செய்கிற கம்பெனியில்தான் நானும் வேலை பார்க்கிறேன். பெயிண்ட் ஷாப்பில் கடைசி இன்ஸ்பெக்‌ஷன். நான் பார்த்து அனுப்புகிற வண்டியைத்தான் அவர் சுமந்துகொண்டு போகிறார். ஆனால் அது ரயிலில் ஏறுவதை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு வாரமும் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்துவிட்டேன். பத்து மணிக்கெல்லாம் பைக்கை எடுத்தார்.

என் வேலை என்ன என்று சொன்னால்தான் அங்கே எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று புரியும். பெயிண்ட் அடித்துக் காய்ந்து வரும் வண்டியை வரிசையான டியூப் லைட்டுகளுக்கு நடுவில் நிறுத்துவார்கள். நாங்கள் வெள்ளை உடுப்பும் கையுறையும் போட்டுக்கொண்டு கதவு, பானட், கூரை என்று உள்ளங்கையால் தடவிக்கொண்டே போவோம். பெயிண்ட்டுக்குள் ஒரு தூசி மாட்டியிருந்தால் கையே சொல்லிவிடும். அதைச் சுற்றி வட்டம் போட்டுத் தேய்க்க அனுப்ப வேண்டும். தலையில் பூ கூடாது, முகத்தில் கிரீம் கூடாது. உள்ளே நுழைவதற்கு முன்னால் ஒரு சின்ன அறையில் நிறுத்தி, காற்றடித்து எங்களையே ஊதித்தான் விடுவார்கள். அப்படி ஊதப்பட்டுப் போய், ஷிஃப்ட் முடியும்வரை தூசியைக் கரித்துக்கொட்டிவிட்டு வருகிறவள் நான்.

கூட்ஸ் ஷெட்டில் பார்த்தால், முந்தின நாள் நானே ஓகே போட்டிருக்கக்கூடிய ஒரு வெள்ளைக் கார், புழுதியும் துருவுமாக நின்ற ஒரு வேகனுக்குள் தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே, உள்ளே ஒரு துடைப்பமாவது போட்டீர்களா என்று அங்கிருந்த ஆளிடம் சண்டைக்குப் போய்விட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வேகன் என்றால் அப்படித்தாம்மா இருக்கும் என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போனார். என் வீட்டுக்காரரோ எனக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி டீக்கடைப் பக்கம் நழுவிவிட்டார்.

திட்டி முடித்துத் திரும்பினால் அடுத்த தண்டவாளத்தில் ஒரு சிமெண்ட் ரேக் நின்றுகொண்டிருந்தது. ரேக் என்றால் ஒரே எஞ்சின் இழுக்கிற மொத்த வேகன் வரிசை. எல்லாம் மூடிய வேகன்கள். கதவு இடுக்கிலிருந்து கசிந்த சிமெண்ட் மழையில் நனைந்து, இறுகி, வெள்ளைக் கோடுகளாக வழிந்திருந்தது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் கீழே துரு டீக்கறை நிறத்தில் இறங்கியிருந்தது. ஒரு கதவில் யாரோ சாக்பீஸில் எதையோ எழுத, வேறு யாரோ முழங்கையால் அதை அழித்திருந்தார்கள். பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த அத்தனை குற்றமும் ஒரே கதவில் இருந்தது. வேலி ஓரமாகவே நடந்து கடைசி வேகன்வரை பார்த்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. கண்ணை எடுக்க முடியவில்லை. அழுக்கு இவ்வளவு அழகாக இருக்கும் என்று அதுவரை என்னிடம் யாருமே சொன்னதில்லை.

அன்று சாயங்காலமே போனில் தேட ஆரம்பித்தேன். அப்படித்தான் சின்ன வேகன் செய்கிறவர்கள் இந்த உலகத்தில் இருக்கிறார்கள் என்பது தெரிந்தது. நிஜ வேகனை எண்பத்தேழில் ஒரு பங்காகக் குறைத்து, ஏணி, கைப்பிடி, கதவுத் தாழ்ப்பாள், பிரேக் குழாய் என்று ஒன்று விடாமல் செய்கிறார்கள். பொம்மை என்று யாராவது சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள். இப்போது நானும் கோபித்துக்கொள்கிறேன். சென்னையில் இதற்கென்று ஒரு கிளப் இருக்கிறது. அதில் ஒருவர் முப்பரிமாண பிரிண்டரில் வேகனின் உடலை மட்டும் அச்சடித்துத் தருவார். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். மீதி எல்லாம் நம் பாடு. உப்புக்காகிதத்தால் தேய்க்க வேண்டும். பித்தளைக் கம்பியை வளைத்துக் கைப்பிடி வைக்க வேண்டும். எடைக்கு உள்ளே இரும்பு நட்டுகளை ஒட்ட வேண்டும், இல்லையென்றால் வளைவில் கவிழ்ந்துவிடும். சக்கரம், கொக்கி, பிறகு பெயிண்ட், பிறகு நம்பர். இவ்வளவும் முடிந்தபிறகுதான் எனக்கு உயிரான வேலை. அழுக்கு பூசுவது.

அதற்கென்று ஒரு சரக்கு வைத்திருந்தேன். ஒரகடம் ரோட்டோரப் புழுதியைப் பழைய வேட்டித் துணியில் சலித்தது, சாக்பீஸ் பொடி, துரு நிறத்துக்குக் கலர் சாக்கைத் தட்டியது, கரி. இவற்றைத் தண்ணீர்க் கலரில் கரைத்து, இரண்டு மயிர் பிரஷ்ஷால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் கீழே இழுப்பேன். ஒரு வேகனுக்கு ஒரு வாரம் ஆகும். என் வீட்டுக்காரர் வாசல்படியில் நின்று பார்ப்பார். ஊரில் வண்டியைக் கழுவுகிற பெண்டாட்டிகளைப் பார்த்திருக்கிறேன், கழுவின வண்டிக்கு அழுக்கு பூசுகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்பார். அவருக்கு உள்ளூரப் பெருமை என்பது எனக்குத் தெரியும். டிரெய்லர் ஓட்டுகிறவர்கள் மத்தியில் என் வேகன் படத்தைப் போனில் காட்டிக்கொண்டு திரிகிறார் என்று காதில் விழுந்திருக்கிறது.

இப்படி இரண்டு வருஷத்தில் இருபத்தொரு சிமெண்ட் வேகன் செய்தேன். நிஜ ரேக்கில் பாதி. கடைசியில் ரயில் கார்டு உட்காரும் பிரேக் வேன் ஒன்று. ஆனால் அவற்றை ஒன்றாகக் கோத்து ஓட்ட எனக்கு இடமில்லை. படப்பையில் எங்களுக்கு இருப்பது ஒரு ரூமும் ஒரு சமையலறையும். கட்டில் காலில் புறப்படும் தண்டவாளம் கேஸ் அடுப்பைத் தொட்டுத் திரும்பிவிடும். என்னிடம் இருக்கும் குட்டி எஞ்சின் ஐந்து வேகனுக்கு மேல் இழுக்காது. ஐந்தை ஓட்டிவிட்டு எடுத்து வைத்து, அடுத்த ஐந்தை எடுத்து ஓட்டுவேன். என் ரேக்கை முழுசாக நானே பார்த்ததில்லை. கிளப்பில் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு பள்ளிக்கூட ஹாலில் பெரிய தண்டவாளம் போட்டு மலை, ஆறு, வண்டிகள் நிற்கும் யார்டு எல்லாம் வைத்து ஓட்டுவார்கள். உறுப்பினர்கள் தங்கள் வண்டியைக் கொண்டுவந்து ஆளுக்கு அரை மணி நேரம் ஓட்டலாம். போன வருஷம் எனக்கு ஷிஃப்ட். அதற்கு முந்தின வருஷம் மாமியாருக்குக் கண் ஆபரேஷன். இந்த வருஷம் எனக்கு இடம் போட்டு வைத்திருப்பதாகச் செயலாளர் போன் பண்ணினார். என் கையால் முழு ரேக்கும் ஒரு தடவை ஓட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. தூக்கத்தில்கூட அதே நினைப்புதான்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே ஓட்ட வேண்டும். சனிக்கிழமை கம்பெனியில் ஆடிட். ஓ.டி. பார்க்காமல் போகக் கூடாது என்று சூப்பர்வைசர் கையெடுத்துக் கும்பிடாத குறை. வேகனை எல்லாம் டிஷ்யூவில் சுற்றி டப்பாவில் அடுக்க வேண்டுமே என்று கேண்டீனில் புலம்பினேன். என் லைனில் நிற்கும் இரண்டு பேருக்கு அன்று வார லீவு. ஒருத்தர் வடக்குப்பட்டு அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நிலம் வைத்திருந்த குடும்பம், இப்போது அவரும் மகனும் மருமகளும் ஆளுக்கொரு கம்பெனியில். இன்னொருத்தி தூத்துக்குடிப் பெண். சேரப்பணஞ்சேரியில் ஹாஸ்டலில் இருக்கிறாள். சிரித்தால் கேண்டீனே திரும்பிப் பார்க்கும். நாங்கள் போய் அடுக்கி வைக்கிறோம், நீ கவலைப்படாதே என்று இரண்டு பேரும் சொன்னார்கள். வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டேன். நான் ஏதோ ரயில் செய்கிறேன் என்கிற அளவுக்குத்தான் அவர்களுக்குத் தெரியும். என் வீட்டுக்குள் வந்து அவர்கள் அதைப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஷேர் ஆட்டோவில் படப்பையில் இறங்கி வீட்டுக்கு வந்தேன். இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து, பரீட்சை எழுதி முடித்த பிள்ளைகள் மாதிரி என்னையே பார்த்தார்கள். தரையில் பேப்பர் விரித்து இருபத்தொரு வேகனும் வரிசையாக நின்றன. பளபளவென்று. ஒரு துரு இல்லை, ஒரு சிமெண்ட் கோடு இல்லை. ஷோரூமில் வைக்கிற மாதிரி செங்கல் நிறத்தில் மின்னின. பக்கத்தில் மெடிக்கல் ஷாப்பில் வாங்கின சர்ஜிகல் ஸ்பிரிட் பாட்டில் காலியாகக் கிடந்தது.

நடந்தது இதுதான். வேகன் வைத்திருந்த பெட்டியைத் திறந்து முதல் வேகனை எடுத்த அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. ஐயோ பாவம், ஓ.டி. ஓ.டி. என்று அலைகிறாள், துடைக்கக்கூட நேரமில்லை, நாளைக்குப் பெரிய மனிதர்கள் முன்னால் இந்தக் கோலத்தில் வைத்தால் மானம் போய்விடாதா என்று தோன்றியிருக்கிறது. பெயிண்ட் ஷாப்பில் பதினைந்து வருஷம் இருந்தவருக்கு வேறு என்ன தோன்றும்? உடனே லைன் போட்டுவிட்டார்கள். ஒருத்தர் ஸ்பிரிட்டில் துடைப்பது, ஒருத்தி மெல்லிய துணியால் ஒற்றி எடுப்பது, பிறகு இரண்டு பேருமாகப் போன் டார்ச்சை அடித்து இன்ஸ்பெக்‌ஷன். பெயிண்ட்டை ஸ்பிரிட் ஒன்றும் செய்யாது. நம்பரும் வார்னிஷுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. மேலே நான் இரண்டு வருஷமாகப் பூசிய தண்ணீர்க் கலரும் புழுதியும்தான் சுத்தமாகப் போயிருந்தன. மத்தியானச் சாப்பாடுகூடச் சாப்பிடாமல் துடைத்திருக்கிறார்கள்.

என் முகத்தைப் பார்த்து அக்கா தவறாகப் புரிந்துகொண்டார். எங்கேயோ ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கிறது, அதைத்தான் பார்த்துவிட்டேன் என்று நினைத்தார்.

"இன்னா அப்டிப் பாக்குற? ஒரு பொட்டுத் தூசி இல்ல. நீயே கைய வெச்சுப் பாரு."

கையை வைத்துப் பார்த்தேன். உண்மைதான், ஒரு பொட்டுத் தூசி இல்லை. லைனில் வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஓகே போட்டிருப்பேன். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. என் வாய் சும்மா இருக்கிற வாயா? திறந்துவிட்டது. என்னவெல்லாம் சொன்னேன் என்று முழுசாக நினைவில்லை. யாரைக் கேட்டுத் தொட்டீர்கள், உங்களை அடுக்கத்தானே சொன்னேன், இதற்கு ரயிலைத் தூக்கிக் குப்பையில் போட்டிருக்கலாமே என்று எதிர் வீட்டு ஜன்னல் திறக்கிற அளவுக்குக் கத்தினேன். தூத்துக்குடிப் பெண் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"யக்கா, அழுக்குன்னுல்லா நெனச்சோம். வேணும்னு பூசுனதுன்னு தெரிஞ்சா தொட்டுருப்போமா?"

தரையில் உட்கார்ந்து அழுதேன். கோபத்தில் வருகிற அழுகை ரொம்ப அசிங்கமாக இருக்கும், மூக்கெல்லாம் ஒழுகும். அப்படியே போனை எடுத்துச் செயலாளரைக் கூப்பிட்டு நாளைக்கு நான் வரவில்லை என்றேன். அவர் நல்ல மனிதர். பதறிப்போய் விஷயத்தைக் கேட்டார். சுத்தமான வேகனும் ஓடலாம் அம்மா, எங்களுக்கு அதனால் ஒன்றும் இல்லை, தாராளமாகக் கொண்டுவாருங்கள் என்றார். அவர்களுக்கு ஒன்றும் இல்லை, எனக்கு இருக்கிறதே. சிமெண்ட் ஏற்றாத சிமெண்ட் வேகனை என் கையால் ஓட்ட மாட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் டிரெய்லரை விட்டுவிட்டு வந்தார். வேகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காலி பாட்டிலைப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். அடக்க முயன்று இருமினார், மறுபடி சிரித்தார். அன்றைக்கு அவர் தப்பித்தது என் கைக்கு எட்டும் தூரத்தில் கரண்டி எதுவும் இல்லாததால்தான்.

அக்கா மட்டும் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. கீழே குந்தி ஒரு வேகனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் பிரஷ் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

"நாங்க எடுத்தத நாங்களே போட்டுக் குடுக்கறோம். எங்கெங்க இருந்துச்சுன்னு எனக்கு நெனப்பு கீது. தொடச்சவளுக்குத் தெரியாதா?"

மணி ஐந்துகூட ஆகவில்லை. இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் இருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் லைன்தானே, அதையே போட்டோம். முதல் இடத்தில் தூத்துக்குடிப் பெண் துருவுக்கு. இரண்டாவது அக்கா சிமெண்ட்டுக்கு. மூன்றாவது நான், கரியும் புழுதியும் போட்டுக் கடைசி இன்ஸ்பெக்‌ஷன். வேகன் காய்வதற்கு டேபிள் ஃபேனை வைத்தோம். என் வீட்டுக்காரருக்குப் புழுதி சலிக்கிற வேலை. வேட்டித் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு, ரோட்டில் ஓசியில் கிடைப்பதை இவள் வடிகட்டி வாங்குகிறாள் என்று தும்மித் தும்மிச் சலித்தார்.

முதல் வேகனிலேயே அக்காவால் முடியவில்லை. வலது கை சிமெண்ட் கோட்டை இழுக்கும். இழுத்த உடனே இடது கை முந்தானையால் துடைத்துவிடும். அவருக்கே தெரியாமல் நடந்தது அது. மூன்று தடவை கோடு போட்டார், மூன்று தடவையும் துடைத்தார். நான்காவது தடவை தன் இடது கையைத் தானே ஒரு அடி அடித்தார். இந்தக் கை என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறதே என்று அவர் சொன்னதும், நானும் அந்தப் பெண்ணும் அதுவரை பிடித்து வைத்திருந்ததெல்லாம் உடைந்து சிரித்துவிட்டோம். என் வீட்டுக்காரர் எழுந்து வீட்டிலிருந்த துணி அத்தனையையும், கைக்குட்டை, துண்டு, அடுப்புத் துணிவரை ஒன்று விடாமல் சுருட்டி பீரோவில் வைத்துப் பூட்டினார். அக்கா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தார்.

அப்புறம் வேலை ஓடியது. ஆனால் நான் விடுவேனா? கடைசி இன்ஸ்பெக்‌ஷன் நானாயிற்றே. சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி மூன்று வேகனைத் திருப்பி அனுப்பினேன். அக்காவின் பதினைந்து வருஷத்தில் இந்தக் காரணத்துக்காக எவளும் வேலையைத் திருப்பி அனுப்பியிருக்க மாட்டாள். அக்கா போட்ட முதல் நாலைந்து வேகன்களில் கோடெல்லாம் ஸ்கேல் வைத்த மாதிரி ஒரே இடைவெளியில் இருந்தது. அழுக்கு இப்படி ஒழுங்காக வராது என்றேன். அவர், மழை எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று கேட்டார். நாம்தான் முடிவு பண்ண வேண்டும் என்றேன். அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு மழையை முடிவு பண்ணிக்கொண்டார். ஒன்றில் சிமெண்ட் நேராக வழிந்தது, ஒன்றில் காற்றடித்த மாதிரி சாய்ந்து போனது. தூத்துக்குடிப் பெண்ணின் துரு முரட்டுத் துரு. உப்புக்காற்றில் கெட்ட லாரிகளைப் பார்த்து வளர்ந்தவள். விளிம்பைத் தின்று பொரிந்து போன மாதிரி புள்ளி புள்ளியாக வைத்தாள். எனக்கு முதலில் பிடிக்கவில்லை. வேகனை வரிசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு வருஷமாக என் ரேக்கில் ஏதோ ஒன்று சரியில்லை என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும். என்ன என்று பிடிபடாது. அன்றைக்குத்தான் பிடிபட்டது. இருபத்தொரு வேகனிலும் ஒரே ஆளின் அழுக்கு இருந்தது. நிஜ ரேக்கில் ஒவ்வொரு வேகனும் ஒவ்வொரு ஊரில் நனைந்து, ஒவ்வொரு ஊரில் காய்ந்து வந்து கோத்துக்கொண்டது. இப்போது என் தரையில் நின்றது அப்படித்தான் இருந்தது. இதை அவர்களிடம் சொல்ல வாயெடுத்தேன், ரோஷம் தடுத்தது. ஆனாலும் மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. நான் போட்டதைவிட இது நல்லா இருக்கு என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். தூத்துக்குடிப் பெண் அதை மறுபடி சொல்லச் சொன்னாள். சொல்லவில்லை.

எட்டு மணிக்குக் கடைசி வேகனும் முடிந்து வார்னிஷ் அடித்தாயிற்று. பரோட்டா வாங்கி வந்து நாலு பேரும் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கை துடைக்க ஒரு துணி இல்லை. பீரோ சாவியை எங்கே வைத்தோம் என்று என் வீட்டுக்காரர் தேடிக்கொண்டிருந்தார். செயலாளருக்குப் போன் பண்ணி வருகிறேன் என்றேன்.

மறுநாள் நாலு பேரும் கிளம்பினோம். வேகன்களை அரைக் கிலோ ஸ்வீட் டப்பாக்களில் வைத்து இரண்டு பெரிய கட்டைப்பையில் அடுக்கியிருந்தேன். படப்பையிலிருந்து தாம்பரம் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு அம்மா, இத்தனை ஸ்வீட்டா, பெண்ணுக்கு நிச்சயமா என்று விசாரித்தார். தூத்துக்குடிப் பெண் முகத்தை வைத்துக்கொண்டு, ஆமாம், மாப்பிள்ளை சிமெண்ட் கம்பெனி என்றாள். அந்த அம்மா அவளுக்கு வாழ்த்து சொல்லிவிட்டு இறங்கினார். அக்கா தாம்பரம் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

ஹாலுக்குள் போனதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சுவருக்குச் சுவர் தண்டவாளம். பாலம், சுரங்கம், நெல்வயல், லெவல் கிராஸிங்கில் நிற்கும் குட்டி பஸ். செயலாளர் ஒவ்வொரு வேகனையும் எடுத்துச் சக்கர இடைவெளி, கொக்கி உயரம், எடை எல்லாம் பார்த்தார். ஒன்றில் கொக்கி தொங்கியது. அங்கேயே நிமிர்த்தினேன். பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேசை மட்டத்துக்குக் குனிந்து வரிசையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தார். இதை எத்தனை பேர் செய்தீர்கள் என்று கேட்டார். மூன்று பேர் என்றேன். நாலு என்று என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து திருத்தினார். புழுதி சலித்தவராயிற்றே.

கிளப்பின் பெரிய எஞ்சினை முன்னால் கோத்தார்கள். கன்ட்ரோலரை என் கையில் கொடுத்தார்கள். உள்ளங்கை அளவுப் பெட்டி, நடுவில் ஒரு குமிழ், அவ்வளவுதான். அரை மணி நேரம் உங்களுடையது என்று சொல்லிவிட்டு நகர்ந்தார் செயலாளர். குமிழை நூலளவு திருப்பினேன். எஞ்சின் அசைந்தது. முதல் வேகன் அசைந்தது, இரண்டாவது, மூன்றாவது, கொக்கி கொக்கியாக இழுபட்டு இருபத்தொன்றும் கிளம்பி, பிரேக் வேனும் கிளம்பியது. எஞ்சின் பாலத்தில் ஏறிவிட்டது, கடைசி வேகன் இன்னும் யார்டில் இருந்தது. அவ்வளவு நீளம். இதை நானா செய்தேன்? வயல் ஓரமாக அது சாய்ந்து திரும்பியபோது அக்காவின் மழையும் அந்தப் பெண்ணின் துருவும் என் கரியும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அங்கே நின்றிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவில்லை, குமிழை விட வேண்டியிருக்கும்.

முதல் சுற்று முடிவதற்குள் என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்தார். அத்தனை சக்கர டிரெய்லரை ஓட்டுகிறவனுக்கு இது ஒரு சுற்று தரக்கூடாதா என்று கேட்டார். மாட்டேன் என்றேன். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் நிஜமாகவே ஆசைப்பட்டார் என்பது தெரிந்தது. அப்படியும் மாட்டேன் என்றேன். தூத்துக்குடிப் பெண் கேட்டாள். துருவெல்லாம் நான்தான் வைத்தேன், ஒரே ஒரு நிமிஷம் என்று கெஞ்சினாள். அவளுக்கும் இல்லை என்றேன். ஒரு நல்ல உடை போட்ட பெரியவர், தன் மகள் ஒரு போட்டோவுக்குப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று மரியாதையாகக் கேட்டார். மன்னிச்சுக்குங்க சார் என்றேன். இவ்வளவு பிடிவாதம் எனக்குள் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. வீட்டில் கடைசித் தோசையைக் கேட்டால் கொடுத்துவிடுவேன், லைனில் ஸ்டூலைக் கேட்டால் எழுந்துவிடுவேன், கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டைக் கேட்டால் நகர்ந்துவிடுவேன்.

இரண்டாவது சுற்றில் அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். ரேக்கையே பார்த்தார். மத்தியானச் சோறு தின்னாமல் துடைத்தவர், பிறகு இடது கைமேல் உட்கார்ந்து ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு மழை போட்டவர். அவர் கேட்டால் மட்டும் என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. அவரும் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. என் விரல் குமிழிலிருந்து தானாகவே தளர்ந்தது. கன்ட்ரோலரை அவர் பக்கம் நீட்டினேன்.

அக்கா அதை வாங்கவில்லை. என் விரல்களை எடுத்துத் திரும்பவும் குமிழின்மேல் வைத்து, தன் கையால் ஒரு தடவை அழுத்தினார்.

"குடுக்காத," என்றார். "எனக்கும் குடுக்காத. யாரு கேட்டாலும் குடுக்காத."

ரேக் சுரங்கத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. நேரம் முடிந்துவிட்டது என்று செயலாளர் வந்து தோளைத் தட்டும்வரை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.